துண்டு போட முடியாத ஏரிகள்

"அத்தான், அங்கயும் ஆள் இருக்கு."

முன்னால் போன படகிலிருந்து மச்சினன் துடுப்பைத் தூக்கிக் காட்டினான். பாறை மேட்டில், பைன் மரங்களுக்கு நடுவே நீல நிறத்தில் ஒரு கூடாரம். பக்கத்தில் கட்டியிருந்த கயிற்றில் இரண்டு துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. என் மனைவி வரைபடத்தை மடியில் விரித்து, அந்தச் சிவப்புப் புள்ளியின்மேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அது ஆறாவது குறி. மணி மாலை ஐந்தேகால்.

எங்கள் ஊர்ப் பக்கம், பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டால் சீட்டு நமக்கு. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் கற்ற அந்தக் கலை இங்கே செல்லாது. இங்கே கரையில் துண்டு தெரிந்தால் இடம் போயிற்று என்று அர்த்தம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், வடகிழக்கு மூலை. கனடா எல்லையை ஒட்டி ஏறத்தாழ 150 மைல் நீளத்துக்குக் கிடக்கிறது 'பவுண்டரி வாட்டர்ஸ்'. பரப்பு பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். உள்ளே ரோடு கிடையாது, கடை கிடையாது, மிகப் பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகுக்கும் அனுமதி கிடையாது. போக்குவரத்து எல்லாம் கனூ எனப்படும் ஒல்லியான துடுப்புப் படகில்தான். ஓர் ஏரி முடிந்ததும் படகைத் தோளில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். அந்தச் சுமை நடைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். இப்படி ஓடும் படகு வழிகளின் மொத்த நீளம் 1,200 மைலுக்கு மேல்.

இவ்வளவு பெரிய காட்டில் நாலு பேர் படுக்க இடம் கிடைக்காதா என்று கேட்கலாம். 2020 ஜூலையில் அந்தக் கேள்வியோடுதான் நானும் போனேன்.

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, இரவு தங்கப் போகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இந்தத் தேதியில், இந்த நுழைவிடம் வழியாக என்று குறித்து பர்மிட் வாங்க வேண்டும். ஜனவரி கடைசியில் முன்பதிவு திறக்கும். பேர்போன நுழைவிடங்களின் ஜூலை, ஆகஸ்ட் தேதிகள் தட்கல் டிக்கெட் மாதிரி பறந்துவிடும். பர்மிட் கையில் வந்ததும் இடம் கிடைத்துவிட்டது என்று மனசு நிம்மதியாகிறது. தப்பு அங்கேதான். பர்மிட் உள்ளே நுழைவதற்கு மட்டும். நுழைந்தபின் எந்த ஏரியில், எந்தக் கரையில் படுப்பது என்பது அவரவர் பாடு. முந்தி வந்தவருக்கு முதல் இடம். ரயிலில் ஏற டிக்கெட் உண்டு, உட்கார சீட்டு இல்லை, அன்ரிசர்வ்டு பெட்டிதான்.

சரி, கண்ட கரையில் கூடாரம் அடித்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. வனத்துறை குறித்து வைத்த முகாமிடங்களில் மட்டுமே தங்கலாம். அப்படி ஏறத்தாழ 2,000 இடங்கள் காடு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரும்புத் தட்டி பதித்த ஓர் அடுப்பும், பின்னால் காட்டுக்குள் ஒரு கழிப்பிடமும் இருக்கும். கழிப்பிடம் என்றால் சுவரோ கூரையோ இல்லை. குழி, குழியின்மேல் ஒரு பெட்டி, அவ்வளவுதான். "அம்மா, கதவு எங்க?" என்று என் மகள் முதல் தடவை கேட்டாள். காடே கதவு என்றாள் அவள் அம்மா.

இந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு லட்சம் பேருக்கு மேல் வந்துபோகிற காடு இது. இஷ்டப்பட்ட இடத்தில் எல்லாரும் அடுப்பு மூட்டினால் பத்து வருஷத்தில் கரையெல்லாம் கரியாகிவிடும். மனிதக் கால் மிதிக்க வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்துவிட்டு, மற்றக் கரைகளை அதனதன் பாட்டுக்கு விட்டிருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவின் குவெட்டிகோ பூங்காவில் இப்படிக் குறித்த இடங்கள் இல்லை. பாறையும் சமதரையும் பார்த்துத் தங்கிக்கொள்ளலாம். டொரொன்டோத் தமிழர்கள் போகும் அல்கோன்குவின் பூங்காவிலோ ஒவ்வோர் இரவுக்கும் இந்த ஏரி என்று முன்பதிவு செய்துவிட வேண்டும்; அந்த ஏரியில் எந்த இடம் என்பதுதான் போனபின் தேடுவது. பவுண்டரி வாட்டர்ஸிலோ இந்த இரண்டு சௌகரியமும் இல்லை. அதனால் இங்கே மாற்று இடம் பார்ப்பது தனியாகவே ஒரு வித்தையாக வளர்ந்திருக்கிறது. அந்த வித்தை தெரியாமல் நான் குடும்பத்தோடு போய் நின்ற கதைதான் அந்த ஐந்தேகால் மணி.

பெருந்தொற்று ஆண்டு அது. விமானம் இல்லை, விடுதி இல்லை. ஊரெல்லாம் காட்டுக்குக் கிளம்பியிருந்தது. கனடா எல்லையும் மூடிக்கிடந்ததால், வழக்கமாகக் குவெட்டிகோ போகிற அமெரிக்கர்களும் இந்தப் பக்கமே வந்தார்கள். நாங்கள் எடுத்திருந்தது 30ஆம் நுழைவிடம், லேக் ஒன். ஈலி என்ற சின்ன ஊரிலிருந்து ஃபெர்ன்பெர்க் சாலை காட்டுக்குள் ஓடி, கடைசியில் இந்த ஏரியின் கரையில் முடிகிறது. அங்கிருந்து லேக் டூ, லேக் த்ரீ, லேக் ஃபோர் என்று வரிசையாகப் போகலாம். பேர் வைத்தவருக்கு அன்று அவசரம் போலும். போர்ட்டேஜ்கள் குட்டை, வழி எளிது. எளிது என்பதாலேயே கூட்டமும் அங்கேதான்.

மினியாபொலிஸிலிருந்து விடியற்காலையில் காரை எடுத்து, வாடகைப் படகுகளை ஏற்றி, தண்ணீரில் இறங்கியபோது மணி பதினொன்று. முதல் தப்பு அது. லேக் ஒன் முழுக்கத் தீவும் வளைகுடாவும். எல்லாத் தீவும் ஒரே ஜாடை. தவறான வளைகுடாவுக்குள் நுழைந்து திரும்பியதில் ஒரு மணி நேரம் போயிற்று. இது இரண்டாவது. மூன்றாவது தப்பு முழுக்க என்னுடையது. லேக் டூவில் இரண்டு மணி சுமாருக்கு ஒரு முகாமிடம் காலியாக இருந்தது. கரை சரிவு, நிழல் அடர்த்தி, தரையெல்லாம் வேர். "இங்கயே இருந்திடுவோமா?" என்று மனைவி கேட்டாள். நான் படத்தில் பார்த்திருந்தது பாறை, பாறைமேல் சூரிய அஸ்தமனம். "இதைவிட நல்ல இடம் முன்னால வரும்" என்று துடுப்பைப் போட்டேன்.

முன்னால் வந்தவையெல்லாம் துண்டு காய்ந்த இடங்கள்.

ஆறாவது பெருக்கல் குறிக்குப் பிறகு, விட்டுவந்த அந்த வேர் நிறைந்த இடத்துக்கே திரும்பலாம் என்று முடிவு செய்தோம். அப்போதுதான் வரைபடம் காட்டாத ஒன்று புரிந்தது. அன்று காற்று மேற்கிலிருந்து வீசியது. மத்தியானம் முழுக்க எங்களை முதுகில் தள்ளிக்கொண்டு வந்த அதே காற்று, திரும்பியதும் மூஞ்சியில் அறைந்தது. லேக் த்ரீ அகலமான ஏரி. அலைகளின் உச்சியில் வெள்ளை நுரை கிளம்பியிருந்தது. இருபது நிமிஷம் துடுப்புப் போட்டுப் பார்த்தால் கரையிலிருந்த அதே சாய்ந்த மரம் பக்கத்திலேயே நிற்கிறது. மேற்கே வானம் கத்திரிக்காய் நிறமாகிக்கொண்டிருந்தது. மகள் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

ஒரு முனையைச் சுற்றும்போது கரையிலிருந்து குரல் கேட்டது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதி. அந்தப் பெரியவர் முதலில் கேட்டது எங்கள் பெயரையோ ஊரையோ இல்லை. நீங்கள் எத்தனை பேர், எத்தனை படகு என்றார். நாலு பேர், இரண்டு படகு என்றோம். விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, கரைக்கு வாருங்கள் என்று கையை அசைத்தார்.

அவர் எண்ணியதன் காரணம் பிறகுதான் தெரிந்தது. இந்தக் காட்டில் எந்த இடத்திலும், எந்த நேரத்திலும் ஒன்பது பேருக்கு மேல், நாலு படகுக்கு மேல் ஒன்றாக இருக்கக் கூடாது. தண்ணீரிலும் சரி, போர்ட்டேஜ் பாதையிலும் சரி, முகாமிடத்திலும் சரி. அவர்கள் இருவர், ஒரு படகு. எங்களைச் சேர்த்தால் ஆறு பேர், மூன்று படகு. சட்டத்துக்கு உட்பட்டது. நம்மூரில் விருந்தாளிக்குக் கணக்கு கிடையாது. வந்தவர் எத்தனை பேரோ அத்தனை இலை. இங்கே விருந்தோம்பலுக்கும் தலைக்கணக்கு உண்டு என்று அன்றுதான் அறிந்தேன். கூடாரத்தின் கடைசி முளையை அடித்தபோது மழை கொட்டத் தொடங்கியது. நாங்கள் கொடுத்த புளியோதரையை அந்த அம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மகாளி ஊறுகாயை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடி வைத்துவிட்டார்.

காலையில் மழை விட்டிருந்தது. காபி குடித்துக்கொண்டே பெரியவர் தன் வரைபடத்தைப் பாறைமேல் விரித்தார். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மடிப்பு மடிப்பாகத் தேய்ந்து, ஓரங்களில் டேப் ஒட்டிய பழைய தாள். முகாமிடங்களைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் எங்கள் வரைபடத்திலும் உண்டு, ஆனால் எங்களுடையது புத்தம் புதுசு, பெருக்கல் குறிகளைத் தவிர வெறுமை. அவருடையதில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எறும்பு சைஸில் பென்சில் எழுத்து. எத்தனை கூடாரம் கொள்ளும், படகு கரையேறப் பாறையா மணலா, எந்தத் திசைக் காற்றுக்கு மறைவு, பட்ட மரம் எதுவும் தலைக்கு மேல் நிற்கிறதா. சில புள்ளிகளுக்கு நேரமும் எழுதியிருந்தது. இந்த நாள், இத்தனை மணிக்குக் காலி. இத்தனை மணிக்கு நிரம்பியது. பல வருஷத்துக் குறிப்புகள்.

ஓரத்தில் மூன்று எண்கள் மட்டும் அழுத்தி எழுதியிருந்தார். 12, 2, 4. அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை என் தமிழில் தருகிறேன். பன்னிரண்டு மணி வரை பிடித்த இடம். இரண்டு மணி வரை பரவாயில்லாத இடம். அதற்குப் பிறகு கிடைத்த இடம். நாலு மணிக்குத் துடுப்புக் கையில் இருக்கக் கூடாது, கரண்டிதான் இருக்க வேண்டும்.

நாங்கள் லேக் டூவில் காலி இடத்தைக் கடந்தபோது மணி என்ன என்று கேட்டார். இரண்டு என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் சொல்லவில்லை.

அந்த மூன்று எண்களைப் பற்றி மூன்று வருஷம் யோசித்தேன். மாற்று இடம் என்றால் வரைபடத்தில் இன்னொரு புள்ளி என்றே நான் நினைத்திருந்தேன். புள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. பிடித்த புள்ளியை விட்டுவிட வேண்டிய மணி எது என்பதை வீட்டிலேயே, வயிறு நிறைந்து புத்தி தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்து எழுதிக்கொண்டு போவதில்தான் காரியம் இருக்கிறது. தண்ணீரில் ஆறு மணி நேரம் தோள் வலிக்கத் துடுப்புப் போட்டவனுக்குத் தீர்மானிக்கத் தெம்பு இருக்காது. ஆசை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

2023இல் மறுபடி கிளம்பினோம். இடையில் 2022இல் கூட்டத்தைத் தாங்க முடியாமல் வனத்துறை சில நுழைவிடங்களில் பர்மிட் எண்ணிக்கையைக் குறைத்திருந்தது. ஆனாலும் ஜூலை ஜூலைதான். இந்தத் தடவை ஜனவரியில் பர்மிட் எடுத்த அன்றே சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டோம். மனைவி, மச்சினன், இப்போது பதினைந்து வயதான மகள், எல்லாருக்கும் ஆளுக்கொரு பென்சில்.

அப்போது நாங்கள் கண்டுகொண்டவற்றைச் சொல்கிறேன். நுழைவிடத்தை ஒட்டிய ஏரிதான் மிக நெரிசல். ஒவ்வொரு போர்ட்டேஜும் ஒரு வடிகட்டி. பாதை நீள நீள ஆள் குறையும். இங்கே போர்ட்டேஜின் நீளத்தை ராடில் சொல்வார்கள். ஒரு ராடு பதினாறரை அடி. ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம். 320 ராடு சேர்ந்தால் ஒரு மைல். முப்பது ராடுப் பாதையை எல்லாரும் தாண்டுவார்கள். நூறு ராடு என்றால் பாதிப் பேர் யோசிப்பார்கள். இருநூறு என்றால் அந்தப் பக்கம் நிம்மதி.

அடுத்தது, பிரதான வழியிலிருந்து விலகிய வளைகுடா. போகிற வழியில் கண்ணில் படும் புள்ளி முதலில் நிரம்பும். வழிவிட்டு அரை மைல் உள்ளே ஒதுங்கிக் கிடப்பது கடைசியில் நிரம்பும். அங்கே அஸ்தமனம் தெரியாது, படகு ஏற்றப் பாறை வழுக்கும், கொசு ஒரு பங்கு கூடுதல். அதனால்தான் அது மிஞ்சியிருக்கிறது. மாற்று இடம் என்றால் யாருக்கும் பிடிக்காத இடத்தைத்தான் குறிக்க வேண்டும். நமக்குப் பிடித்தது ஊருக்கும் பிடித்ததாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, நாள். வார இறுதிக்கு வந்தவர்கள் ஞாயிறு காலையில் கூடாரத்தைச் சுருட்டுவார்கள். அன்று உள்ளே போகிறவனுக்கு எதிரே கூட்டம் வெளியேறிக்கொண்டிருக்கும். நான்காவது, காற்று. இந்த வழியில் கிழக்கே போகிறவனுக்குப் பின்னால் விட்டுவந்த மாற்று இடம் பெரும்பாலும் எதிர்காற்றில் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு மைல் என்றால் உடம்புக்கு மூன்று மைல். மாற்று இடம் காற்று போகும் திசையிலோ, கரையோர மறைவிலோ இருக்க வேண்டும். ஐந்தாவது, வரைபடத்தை முழுசாக நம்பக் கூடாது. தரை தேய்ந்துபோன முகாமிடங்களை வனத்துறை மூடிவிடுவதுண்டு. புள்ளி தாளில் இருக்கும், கரையில் இருக்காது. அதனால் ஒரு மாற்று போதாது, இரண்டு வேண்டும்.

இந்தத் தடவை முதல் நாள் இரவே ஈலிக்குப் போய்விட்டோம். பர்மிட் வாங்கும்போது காட்டு ஒழுக்கம் பற்றிப் படம் காட்டிக் கேள்வி கேட்டார்கள். மகள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். கண்ணாடி பாட்டிலும் தகர டப்பாவும் உள்ளே கூடாது என்பதால் ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியிருந்தது. கரடி வாசனை பிடித்து வராதபடி சாப்பாடு முழுக்கக் கரடி திறக்க முடியாத பீப்பாயில். கெட்டி மூடியைத் திருகிக்கொண்டே, "நம்ம ஊறுகாயைக் கரடி ஒரு தடவை தின்னா மறு தடவை வராது அத்தான்" என்றான் மச்சினன்.

காலை ஆறரைக்குத் தண்ணீரில் இறங்கினோம். ஏரி எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடந்தது. லூன் என்ற கறுப்பு வெள்ளைப் பறவை, மினசோட்டாவின் மாநிலப் பறவை, படகுக்குப் பத்தடி தூரத்தில் முழுகி எங்கேயோ எழுந்தது. இந்தத் தடவை தீவுகளை எண்ணிக்கொண்டே போனதால் லேக் ஒன்னில் வழி தப்பவில்லை. இரண்டு போர்ட்டேஜ்களிலும் நான் படகைத் தோளில் கவிழ்த்துக்கொண்டேன். கெவ்லார் இழையில் செய்த படகு இருபது கிலோவுக்குப் பக்கம்தான். இதே மாதிரிப் பாதைகளில் மென்மயிர்த் தோல் வியாபாரம் நடந்த காலத்தில் வாயஜர் எனப்பட்ட பிரெஞ்சுக் கனடியப் படகாட்கள் 90 பவுண்டு மூட்டையை ஒரே நடையில் இரண்டிரண்டாகச் சுமந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வழி காட்டியவர்கள் ஓஜிப்வே என்னும் பூர்வகுடி மக்கள். இந்த நீர்வழிகளும் போர்ட்டேஜ்களும் அவர்களுடையவை. எல்லையோரப் போர்ட்டேஜ்கள் இரு நாட்டவருக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்று 1842இல் அமெரிக்காவும் பிரிட்டனும் போட்ட ஒப்பந்தத்தில் எழுதியே வைத்தார்கள். தோளில் படகு அழுத்தும்போது இந்தச் சரித்திரம் கொஞ்சம் ஆறுதல் தருகிறது, வலியைக் குறைப்பதில்லை.

போகிற வழியில் மகள் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தாள். ஆள் இருந்தால் பெருக்கல், காலியாக இருந்தால் வட்டம், பக்கத்தில் மணி. இதிலும் ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது. கூடாரம் மரத்துக்குள் மறைந்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது கரையோரம். கவிழ்த்து வைத்த படகின் முதுகு, கயிறு, சட்டி தேய்க்கும் சத்தம். ஆள் இருப்பது தெரிந்தால் கிட்டே போகாமல் அகன்று சுற்றிப் போக வேண்டும். தண்ணீரின்மேல் பேச்சு வெகுதூரம் கேட்கும். தனிமைக்காக அவ்வளவு தூரம் வந்தவர் வாசலில் போய் நின்று எட்டிப் பார்ப்பது அழகில்லை.

எங்கள் முதல் ஆசை ஹட்சன் ஏரி. லேக் ஃபோரின் கிழக்குக் கோடியிலிருந்து மூன்று குட்டைப் போர்ட்டேஜ்கள் தாண்டினால் ஹட்சன். இரண்டாவது புள்ளி லேக் ஃபோரிலேயே கரையோரம். மூன்றாவது, அதே ஏரியில் வழிவிட்டு ஒதுங்கிய ஒரு வளைகுடாவுக்குள். முதல் போர்ட்டேஜ் முனையில் வெளியேறிக்கொண்டிருந்த ஒரு குழுவைப் பார்த்தோம். காட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எங்கே காலி? நேற்று மாலையே ஹட்சன் நிரம்பிவிட்டது, தாங்கள் விட்டுவந்த இடத்துக்கும் இரண்டு படகு முந்திப் போகிறது என்றார்கள். மணி பதினொன்று ஐம்பது.

மச்சினனுக்கு மனசு கேட்கவில்லை. "போய்த்தான் பாப்போமே அத்தான், மூணு சின்னப் போர்ட்டேஜ்தானே?"

மகள் கைக்கடிகாரத்தை நீட்டினாள். "மாமா, பன்னெண்டு ஆகப் போகுது."

திரும்பினோம். இரண்டாவது புள்ளி காலியாக இருந்தது. ஏன் காலியாக இருந்தது என்பது கரையேறியதுமே தெரிந்தது. நிழல் என்ற பேச்சே இல்லை. இந்தக் காட்டில் 2011 ஆகஸ்ட்டில் மின்னல் விழுந்து பற்றிய பகாமி க்ரீக் தீ, செப்டம்பர் 12ஆம் தேதி ஒரே நாளில் காற்றோடு சேர்ந்து வெறியெடுத்து ஓடியது. அடங்குவதற்குள் 90,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தப்பிக்க வழியின்றி மாட்டிக்கொண்ட வனத்துறைப் பணியாளர்களில் சிலர் இன்சுலா ஏரியில் தண்ணீருக்குள் இறங்கித் தீக்காப்புப் போர்வைக்குள் ஒடுங்கி உயிர் பிழைத்தார்கள். நாங்கள் நின்ற கரையில் கருகிய பெரிய அடிமரங்கள் சாம்பல் நிறத்தில் இன்னும் நின்றன. அவற்றுக்குக் கீழே ஜாக் பைன் கன்றுகள் ஆள் உயரத்துக்கு மேல், முடியைச் சீவி விட்டாற்போல நெருக்கமாக. ஜாக் பைனின் காய் பிசினால் ஒட்டி மூடியிருக்கும். தீயின் சூடு பட்டால்தான் திறந்து விதையை உதிர்க்கும். எரிந்ததால் முளைத்த காடு.

கூடாரம் அடிக்குமுன் அண்ணாந்து பார்த்தோம். பட்ட மரம் சாய்ந்தால் விழக்கூடிய தூரத்துக்குள் எதையும் அடிக்கவில்லை. இந்தக் காட்டில் அது வெறும் ஜாக்கிரதை இல்லை. 1999 ஜூலை 4 அன்று அடித்த ஒரே புயலில் கோடிக்கணக்கான மரங்கள் சாய்ந்திருக்கின்றன. தார்ப்பாயை இழுத்துக் கட்டியதும் கொஞ்சம் நிழல் கிடைத்தது. ஒரு மணிக்குச் சாப்பிட்டு, இரண்டு மணிக்குக் குளித்து, மூன்று மணிக்கு மச்சினனும் மகளும் மீன் பிடிக்கப் போனார்கள். மீன் கிடைக்கவில்லை. ஆனால் மூன்றாவது புள்ளி இருந்த அந்த வளைகுடாவுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். மகள் வரைபடத்தில் வட்டம் போட்டு, பக்கத்தில் '3:10' என்று எழுதி வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பழக்கம் என்று நினைத்தேன்.

ஆறரை மணிக்கு மூன்று படகுகள் வந்தன. ஆறு பேர், கல்லூரிப் பிள்ளைகள். முகம் தொங்கியிருந்தது. ஒரு பெண்ணின் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது, துடுப்புக் கொப்புளம். மூன்று வருஷத்துக்கு முன் நாங்கள் எப்படி இருந்தோமோ அப்படியே இருந்தார்கள். கரைக்குக் கூப்பிடலாம் என்று கையைத் தூக்கியவன், தூக்கிய கையிலேயே எண்ணினேன். நாலும் ஆறும் பத்து. படகு இரண்டும் மூன்றும் ஐந்து. எண்ணிக்கை இரண்டு பக்கமும் இடித்தது. அந்தப் பெரியவர் எங்களுக்குச் செய்ததை நான் இவர்களுக்குச் செய்ய முடியாது.

அதற்குள் மகள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பாறை விளிம்புக்கு ஓடிவிட்டாள். வளைகுடாவின் வாயை விரலால் காட்டி, மூன்று மணிக்குக் காலியாக இருந்தது, உள்ளே வழியில்லாத மாதிரிதான் தெரியும், நம்பிப் போங்கள், கரை வழுக்கும் என்று சொன்னாள். காற்று அவர்களுக்கு முதுகுப் பக்கம். முனையைத் தாண்டி மூன்று படகும் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை அந்த வழியாகத் துடுப்புப் போட்டுப் போனோம். வளைகுடாவின் உள்கோடியில் மூன்று படகுகள் கவிழ்ந்து கிடந்தன. கயிற்றில் ஆறு துண்டுகள். அகன்று சுற்றிப் போய்விட்டோம்.

இந்தக் காட்டுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு புள்ளிக்கு மூன்று புள்ளி குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். வழியில் பார்த்த காலி இடங்களை எல்லாம் குறித்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். சாயங்காலம் ஆறரைக்கு வருகிறவருக்குத் தேவைப்படும்.

எங்கள் வரைபடத்தின் அந்த மூன்றாவது புள்ளியில் நாங்கள் இதுவரை ஓர் இரவும் தங்கியதில்லை.